காப்பர் மின்வாய் வைத்தால் கரைசலின் செறிவு குறையுமா? (பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் திருப்புதல் தேர்வு)

கண்டனூர் மாணவி:

வணக்கம். காரைக்குடியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன், தமிழ் வழி. நேற்று எங்களுக்கு வேதியியல் திருப்புதல் தேர்வு. முடிந்து வெளியே வந்ததும் வழக்கம்போல வினாத்தாளை விரித்து வைத்து விடைகளைச் சரிபார்த்தோம். இரண்டு கணக்குகளில் பேச்சு முற்றிச் சண்டையாகவே ஆகிவிட்டது. விடைத்தாளைத் திருத்தித் தர அடுத்த வாரம் ஆகும் என்று சார் சொல்லிவிட்டார். பொதுத்தேர்வு பக்கத்தில் வந்துவிட்டதால் அதுவரை காத்திருக்க மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலில் 37 ஆ, ஐந்து மதிப்பெண் வினா. அப்படியே தருகிறேன்:

"காப்பர் மின்வாய்களைப் பயன்படுத்தி, 300 மி.லி. 0.5 மோலார் காப்பர் சல்பேட் கரைசலின் வழியே 1.93 ஆம்பியர் மின்னோட்டம் 50 நிமிடங்களுக்குச் செலுத்தப்படுகிறது. எதிர்மின்வாயில் படியும் காப்பரின் நிறை யாது? மின்னாற்பகுத்தலுக்குப் பின் கரைசலில் காப்பர் அயனியின் செறிவு யாது? கனஅளவு மாறவில்லை எனவும் மின்னோட்டத் திறன் 100% எனவும் கொள்க."

நிறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 50 நிமிடம் என்றால் 3000 வினாடி. 1.93-ஐ அதனால் பெருக்கினால் 5790 கூலூம். 96500-ஆல் வகுத்தால் 0.06 ஃபாரடே. ஒரு மோல் காப்பர் படிய 2 ஃபாரடே வேண்டும், ஆகவே 0.03 மோல், அதாவது 1.905 கிராம். எல்லோரும் இதைத்தான் எழுதியிருக்கிறோம்.

செறிவில்தான் பிரிந்துவிட்டோம். புதுவயல் பேருந்துக்காக நின்றபோது கேட்டவர்கள் அத்தனை பேரும் 0.4 மோலார் என்றார்கள். தொடக்கத்தில் 0.15 மோல் காப்பர் அயனி இருந்தது, 0.03 போய்விட்டது, மீதி 0.12, அதை 0.3 லிட்டரால் வகுத்தால் 0.4. கணக்காகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணும் 0.4 என்று சொன்னதும் மற்றவர்கள் அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

நான் 0.5 என்று எழுதியிருக்கிறேன். செறிவு மாறாது.

காரணம், வினாவின் முதல் சொல்லே காப்பர் மின்வாய். நேர்மின்வாயும் காப்பர்தானே? அது கரையுமே? எதிர்மின்வாயில் 0.03 மோல் படிகிற அதே நேரத்தில் நேர்மின்வாயிலிருந்து 0.03 மோல் கரைசலுக்குள் வந்துவிடும். எடுத்த அளவு திரும்ப வந்துவிட்டால் செறிவு எப்படிக் குறையும்? இதைச் சொன்னால், "அப்படியென்றால் எதற்காக 300 மி.லி. என்று கொடுத்திருக்கிறார்கள்? கொடுத்த எண்ணைப் பயன்படுத்தாமல் விடை வருமா?" என்று கேட்கிறார்கள். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கரைசலுக்குள் என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டு, கொடுத்த எண் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. இந்தப் பகுதிக்கு நான் இரண்டே வரிதான் எழுதினேன். "நேர்மின்வாயும் காப்பர் என்பதால் அது கரையும். எனவே செறிவு 0.5 மோலாராகவே இருக்கும்." சமன்பாடு எழுதவில்லை, நேரம் இல்லை. விடை சரியாகவே இருந்தாலும் முழு மதிப்பெண் கிடைக்குமா?

இரண்டாவது சண்டை 33-இல். கட்டாய வினா, மூன்று மதிப்பெண். "10⁻⁷ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் மதிப்பைக் கணக்கிடுக." இதற்கு மூன்று விடைகள் உலவுகின்றன. சிலர் 7. நிறையப் பேர் 6.7. என்னோடு சேர்த்து இரண்டு பேர் மட்டும் 6.79. அமிலத்திலிருந்து 10⁻⁷, நீரிலிருந்து 10⁻⁷, இரண்டையும் கூட்டி 2 × 10⁻⁷ என்று போடத்தான் டியூஷனில் சொல்லித் தந்தார்களாம். நான் இருபடிச் சமன்பாடு போட்டேன். மடக்கை அட்டவணையைப் பார்த்து எழுதியதால் கடைசி இலக்கத்தில்கூட எனக்குச் சந்தேகம் இல்லை. விடைக்குறிப்பில் 6.7 என்று இருந்தால் என்ன ஆகும்?

மற்றவை பெரிய விஷயம் இல்லை. ஒரு மதிப்பெண்ணில் ஃபெலிங் கரைசலை ஒடுக்காதது எது என்ற வினாவுக்கு பென்சால்டிஹைடு என்று எழுதினேன். "அதுவும் ஆல்டிஹைடுதானே" என்று ஒருவர் கேட்டதும் பலர் குழம்பிவிட்டார்கள். நிக்கல் டெட்ராகார்போனைல் நான்முகி வடிவம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம்.

37 பற்றித்தான் முக்கியமாகத் தெரிய வேண்டும். மின்வேதியியல் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். இதில் நான் புரிந்துகொண்டதே தவறு என்றால் அதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

---

புதுவயல் மாணவன்:

நானும் அதே தேர்வுதான் எழுதினேன். 0.4 எழுதியவர்களில் ஒருவன். என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

இதே மாதிரிக் கணக்கை வகுப்பில் பல தடவை செய்திருக்கிறோம். கரைசலின் கனஅளவு, செறிவு, மின்னோட்டம், நேரம் எல்லாம் கொடுத்து "மின்னாற்பகுத்தலுக்குப் பின் செறிவு என்ன" என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் படிந்ததைக் கழித்துத்தான் விடை வரும். இங்கே மின்வாயைப் பற்றி ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காகக் கணக்கின் போக்கே மாறும் என்றால், "மாறுமா, மாறாதா, காரணம் கூறு" என்று கேட்டிருக்க வேண்டாமா? செறிவு யாது என்று கேட்டால் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்று. "மின்னோட்டத் திறன் 100% எனக் கொள்க" என்று கொடுத்ததே, படிவது முழுவதும் கரைசலில் இருந்து போகிறது என்று எடுத்துக்கொள்ளத்தானே?

33-க்கு நான் 6.7. கூட்டித்தான் போட்டேன்.

முதல் வகை வினை 99.9% முடிய ஆகும் காலம் அரைவாழ்வைப் போல் 10 மடங்கு என்பது எல்லோருக்கும் வந்திருக்கும். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். அதனால் மடக்கை போடாமலே சரிபார்த்துக்கொண்டேன்.

---

முலாம் பட்டறை, காரைக்குடி:

தங்கச்சி, நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மோலார் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் நீ கேட்கிற விஷயம் எங்கள் பட்டறையில் தினமும் கண்ணெதிரே நடப்பது. அதனால் சொல்கிறேன்.

வெள்ளி முலாம் பூசும் தொட்டியில் இரண்டு பக்கமும் சுத்த வெள்ளித் தகடு தொங்கவிடுவோம். நடுவில் விளக்கு, செம்பு, குங்குமச் சிமிழ் என்று வந்த சாமான் தொங்கும். கரண்ட் போனதும் சாமானில் வெள்ளி ஏறும், தகடு தேயும். தகட்டில் குறைந்த எடையும் சாமானில் ஏறிய எடையும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். தொட்டியில் இருக்கிற வெள்ளிச் சத்து அப்படியே நிற்கும். மாதக்கணக்கில் அதே கரைசலில் வேலை செய்வோம். தகடு தேய்ந்து ஓட்டை விழுந்தால் புதுத் தகடு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தங்க முலாம் தொட்டி அப்படி இல்லை. அங்கே தங்கத் தகடு போட்டுக் கட்டுபடியாகாது. பிளாட்டினம் பூசிய டைட்டானியம் வலை அல்லது ஸ்டீல் தகடு போடுவோம். அது கரையாது. சாமானில் ஏறுகிற தங்கம் முழுவதும் கரைசலில் இருந்துதான் போக வேண்டும். அதனால் சத்து இறங்கிக்கொண்டே வரும். கணக்கு வைத்துத் தங்க உப்பு சேர்க்கவில்லை என்றால் நிறம் வெளுத்துவிடும், வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல முடியாது.

ஆகவே தகடு எது என்று தெரியாமல் தொட்டியில் சத்து குறையுமா என்று எங்களால் சொல்லவே முடியாது. புதுவயல் தம்பி "ஒரு சொல் கூடுதல்" என்கிறார். எங்கள் தொழிலில் முதலில் கேட்கிற கேள்வியே அந்தச் சொல்தான்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரண்ட்டை அளவுக்கு மீறி ஏற்றினால் வெள்ளித் தகடு கறுத்துப்போய்க் கரைய மறுக்கும். அப்போது வெள்ளித் தொட்டியிலும் சத்து குறையும். உங்கள் வினாவில் 100% என்று போட்டிருப்பது இந்த மாதிரித் தொந்தரவு எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்வதற்காக இருக்கும் என்று நினைக்கிறேன். படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

---

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

பட்டறைக்காரர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. 100% பற்றி அவர் நினைப்பதும் சரி. செலுத்திய மின்சாரம் முழுவதும் இரண்டு மின்வாய்களிலும் காப்பருக்கே செலவாகிறது, வேறு எந்தப் பக்க வினைக்கும் போகவில்லை என்பதுதான் அதன் பொருள். எதிர்மின்வாயில் படிவதற்கு எப்படிப் பொருந்துமோ அப்படியே நேர்மின்வாயில் கரைவதற்கும் பொருந்தும்.

கண்டனூர் அம்மா, உன் விடை சரி. 0.5 மோலார்தான். ஆனால் இரண்டு வரியில் முடித்ததை நான் ஏற்க மாட்டேன், காரணம் சொல்கிறேன்.

நேர்மின்வாயில் எலக்ட்ரானை இழக்கக் காத்திருப்பவை மூன்று: காப்பர் உலோகம், நீர், சல்பேட் அயனி. இவற்றில் எது எளிதாக இழக்கிறதோ அதுதான் வினைபுரியும். திட்ட ஒடுக்க மின்னழுத்தம் காப்பருக்கு 0.34 வோல்ட். ஆக்சிஜன், நீர் இணைக்கு 1.23 வோல்ட். சல்பேட் இன்னும் மேலே, 2 வோல்ட்டைத் தொடும். ஒடுக்க மின்னழுத்தம் குறைவாக உள்ளதுதான் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆகவே காப்பர் இருக்கும்போது நீருக்கு வாய்ப்பே வராது. ஒவ்வொரு காப்பர் அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைசலுக்கு வரும். பிளாட்டினமோ கிராஃபைட்டோ வைத்திருந்தால் அது கரையாது, அடுத்த இடத்தில் நிற்கும் நீர் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆக்சிஜன் குமிழி வரும், ஹைட்ரஜன் அயனி சேர்ந்து கரைசல் அமிலமாகும், நீல நிறம் மெல்ல வெளிறும். 0.4 என்ற விடை அந்தக் கலத்துக்கு உரியது.

இதை நான்கு வரியில் எழுதியிருந்தால் யார் திருத்தினாலும் மறுக்க முடியாது. "அது கரையும்" என்று மட்டும் எழுதினால், நீ காரணம் தெரிந்து எழுதினாயா, ஊகித்தாயா என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. இரண்டு மின்வாய் வினைகளையும் எழுது. அதன் கீழே "கரைந்த மோல் = படிந்த மோல் = 0.03" என்று எழுது. அப்புறம் செறிவு. பொதுத்தேர்வில் படிக்குப் படி மதிப்பெண் உண்டு என்பதால் கடைசி எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அதே காரணத்தால் 0.4 எழுதியவர்களும் முழுவதையும் இழக்க மாட்டார்கள். மின்னூட்டம், மோல், நிறை என்று முதல் பகுதி முழுவதும் அவர்களுக்கும் சரியாகவே இருக்கிறது.

300 மி.லி. எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். வினாவில் ஒரு எண் கொடுத்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நானும் வினாத்தாள் தயாரித்தவன்தான். பழகிய கணக்கை அப்படியே வைத்து, ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றுவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் வினாவைப் படிக்கிறார்களா, கணக்கின் உருவத்தைப் பார்த்ததும் பேனாவை எடுக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. தேர்வு தொடங்குமுன் வினாத்தாளை வாசிக்கத் தனியாக நேரம் தருவதும் இதற்காகத்தான்.

இது உங்களுக்குப் புதிய பாடமும் இல்லை. முதல் அலகில் உலோகவியலைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளியை மின்னாற் தூய்மையாக்கும் முறை இருக்கும். தூய்மையற்ற வெள்ளி நேர்மின்வாய், தூய வெள்ளி எதிர்மின்வாய், அமிலம் சேர்த்த சில்வர் நைட்ரேட் மின்பகுளி. ஒரு பக்கம் கரைகிறது, மறுபக்கம் படிகிறது. காப்பரையும் இப்படித்தான் தூய்மையாக்குகிறார்கள். அதில் கலந்திருக்கும் தங்கமும் வெள்ளியும் கரையாமல் நேர்மின்வாய்க்கு அடியில் சேறாகத் தங்கும். முதல் அலகில் இதைச் சரியாக எழுதுகிற பிள்ளைகள், ஒன்பதாம் அலகின் கணக்கில் வந்ததும் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே கலம் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காரைக்குடிப் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் அசட்டையாக இருந்தால் எனக்கு மனம் பொறுக்காது. மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் உங்கள் ஊரில் இருக்கிறது. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் செக்ரி என்ற அந்த ஆய்வகம் அங்கே வந்தது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்கலம், உலோக அரிமானம், முலாம் பூச்சு என்று அங்கே ஆராய்கிற அத்தனையும் நீங்கள் 37-இல் எழுதிய இந்த இரண்டு மின்வாய் வினைகளில் இருந்துதான் தொடங்குகின்றன. பள்ளியிலிருந்து அங்கே கூட்டிப்போகும் வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து 33. 7 என்ற விடை நிச்சயமாகத் தவறு. தூய நீரின் பிஹெச் 25 டிகிரியில் 7. அதில் அமிலத்தை, எவ்வளவு குறைவாகச் சேர்த்தாலும், 7-க்குக் கீழேதான் இறங்க வேண்டும். கணக்குப் போடுமுன்பே இது தெரிந்துவிடும்.

6.7 எழுதியவர்கள் நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அது நல்ல விஷயம். ஆனால் நீர் 10⁻⁷ அயனியைத் தருவது அது தனியாக இருக்கும்போது மட்டும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி வந்து சேர்ந்ததும் நீரின் அயனியாதல் பின்னுக்குத் தள்ளப்படும். பொது அயனி விளைவு என்று படித்திருக்கிறீர்களே, அதேதான். எனவே நீர் தருகிற பங்கை 10⁻⁷ என்று வைக்காமல் தெரியாத அளவாக வைக்க வேண்டும். நீர் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி தருகிறதோ அவ்வளவே ஹைட்ராக்சைடு அயனியும் தரும். மொத்த ஹைட்ரஜன் அயனியையும் ஹைட்ராக்சைடு அயனியையும் பெருக்கினால் 10⁻¹⁴. இதைத் தீர்த்தால் நீரின் பங்கு 0.618 × 10⁻⁷, மொத்தம் 1.618 × 10⁻⁷, பிஹெச் 6.79.

6.7 தவறு என்பதைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஹைட்ரஜன் அயனி 2 × 10⁻⁷ என்றும், நீரிலிருந்து வந்த ஹைட்ராக்சைடு 10⁻⁷ என்றும் வைத்துப் பெருக்குங்கள். 2 × 10⁻¹⁴ வருகிறது. நீரின் அயனிப்பெருக்கம் இரண்டு மடங்காகிவிட்டது! வெப்பநிலை மாறாதபோது அது நடக்காது.

விடைக்குறிப்பில் 6.7 இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாய். சில கையேடுகளில் அப்படித்தான் இருக்கும். உன் ஆசிரியரிடம் விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய், இருபடிச் சமன்பாட்டைக் காட்டி, நான் மேலே சொன்ன சரிபார்ப்பையும் காட்டு. தனியாக இருக்கும்போது, மரியாதையாகக் கேள். எந்த வேதியியல் ஆசிரியரும் இதற்கு மதிப்பெண் தர மறுக்க மாட்டார்.

ஃபெலிங் வினாவுக்கு பென்சால்டிஹைடு சரி. அரோமேட்டிக் ஆல்டிஹைடுகள் ஃபெலிங் கரைசலை ஒடுக்குவதில்லை. டாலன்ஸ் கரைசலை ஒடுக்கும், வெள்ளி ஆடி வரும். குழம்பியவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணியிருப்பார்கள்.

---

கண்டனூர் மாணவி:

ஐயா, ரொம்ப நன்றி. பட்டறை அண்ணனுக்கும் நன்றி. அண்ணே, நீங்கள் சொன்ன வெள்ளித் தொட்டி, தங்கத் தொட்டி வித்தியாசத்தை இன்று காலை வகுப்பில் சொன்னேன். சமன்பாடு சொன்னபோது கேட்காதவர்கள் அதைச் சொன்னதும் பேசாமல் கேட்டார்கள். எங்கள் வீட்டுக் குத்துவிளக்குக்கு முலாம் போட்டபோது அப்பத்தா உடனிருந்து பார்த்திருக்கிறார்களாம். "தகடு தேயுமே, அதற்கும் சேர்த்துத்தானே கூலி வாங்கினார்கள்" என்று நேற்று இரவே எனக்குச் சொன்னார்கள்.

ஐயா, மின்னழுத்த மதிப்புகளை வைத்துக் காரணம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவற்றை மின்கலத்தின் மின்னியக்கு விசையைக் கணக்கிட மட்டும்தான் பயன்படுத்தி வந்திருக்கிறோம். எந்த வினை முதலில் நடக்கும் என்பதையும் அதே அட்டவணையே சொல்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது. இன்று மாலை உட்கார்ந்து, உப்புக் கரைசல், சில்வர் நைட்ரேட், சோடியம் சல்பேட் என்று ஒவ்வொன்றுக்கும் நேர்மின்வாயில் எது போட்டிக்கு வரும் என்று எழுதிப் பார்த்தேன். சோடியம் குளோரைடில்தான் இடித்தது. மதிப்பைப் பார்த்தால் நீர்தானே முந்த வேண்டும், 1.23? குளோரினுக்கு 1.36. ஆனால் குளோரின் வாயு வருவதாகப் படித்திருக்கிறோமே?

---

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

நல்ல கேள்வி. கேட்பவர்கள் குறைவு. ஆக்சிஜன் வெளியேறும் வினை மெதுவானது. அதை நடத்த 1.23-க்கு மேல் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தாக வேண்டும். குளோரினுக்கு அவ்வளவு தேவைப்படாது. அதனால் செறிவுள்ள உப்புக் கரைசலில் குளோரின் முந்திக்கொள்ளும். உப்பு மிகவும் நீர்த்திருந்தால் ஆக்சிஜன் வரும். காப்பர் விஷயத்தில் இந்தச் சிக்கல் எழாது. 0.34-க்கும் 1.23-க்கும் இடைவெளி அதிகம்.

நேரம் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள், பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது. ஒரு பீக்கரில் மயில்துத்தக் கரைசல் (காப்பர் சல்பேட்தான்), 9 வோல்ட் பேட்டரி, இரண்டு காப்பர்க் கம்பி. நேர்மின்வாயில் குமிழி வராது. பிறகு நேர்மின்வாயாக இருந்த கம்பியை எடுத்துவிட்டுப் பென்சில் கரியை வையுங்கள். குமிழி கிளம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். மயில்துத்தம் நஞ்சு. வீட்டுப் பாத்திரத்தில் கரைக்க வேண்டாம், கையை நன்றாகக் கழுவுங்கள்.

---

புதுவயல் மாணவன்:

ஐயா, நீரின் அயனிப்பெருக்கத்தை வைத்துச் சரிபார்த்தேன். 2 × 10⁻¹⁴ வருவதைப் பார்த்ததும் 6.7-ஐ விட்டுவிட்டேன். காப்பர் மின்வாயையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். 37-இல் அதே மின்னோட்டம், அதே நேரம், ஆனால் கிராஃபைட் மின்வாய் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு ஆக்சிஜன் வரும் என்று கேட்கலாம் அல்லவா? நானே போட்டுப் பார்த்தேன். மொத்தம் 0.06 ஃபாரடே. ஒரு மோல் ஆக்சிஜன் வெளியேற 4 ஃபாரடே. ஆகவே 0.015 மோல். அதை 22.4-ஆல் பெருக்கினால் 0.336. சரியா?

---

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

சரி தம்பி. 0.336 லிட்டர், அதாவது 336 மி.லி. லிட்டர் என்பதை எழுதாமல் விட்டுவிட்டாய், திட்ட வெப்ப அழுத்த நிலையில் என்பதையும் சேர். கிராஃபைட் வைத்தால் இதே கலத்தில் 0.06 மோல் ஹைட்ரஜன் அயனியும் வரும். அதற்கான மின்வாய் வினையை நீங்கள் இருவரும் எழுதி, எலக்ட்ரான் எண்ணிக்கை சமமாக வருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே போடுங்கள்.

---

கண்டனூர் மாணவி:

இரண்டு நீர் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை இழந்து, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் நான்கு ஹைட்ரஜன் அயனிகளும் தருகிறது. நான்கு எலக்ட்ரானுக்கு நான்கு ஹைட்ரஜன் அயனி என்பதால் 0.06 ஃபாரடேக்கு 0.06 மோல் சரியாக வருகிறது. மின்சுமையையும் பார்த்தேன் ஐயா: 0.03 மோல் காப்பர் அயனி போனதில் 0.06 நேர்மின்சுமை குறைகிறது, ஹைட்ரஜன் அயனி வந்ததில் 0.06 கூடுகிறது. சல்பேட்டைத் தொடவே இல்லை.